எந்தத் தாய்ப்பலகை வேகமானது?
விளையாட்டுப் பரிசோதனைகள் சொல்வதும் சொல்லாததும்

புதிய கணினி ஒன்றை வாங்கப் புறப்படுபவர்கள் முதலில் விசாரிப்பது புரொசசரைப் பற்றி. அடுத்து ரெம் எத்தனை ஜீபீ என்று கேட்பார்கள். தாய்ப்பலகை, அதாவது கடைகளில் மதர்போர்ட் எனப்படும் அந்தப் பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகை, கடைசியாகத்தான் பேச்சுக்கு வரும். ஆனால் விலைப்பட்டியலில் ஒரே புரொசசரைப் பொருத்தக்கூடிய தாய்ப்பலகைகள் பல இருக்கும். மலிவானதற்கும் விலை கூடியதற்கும் இடையில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பதும் உண்டு. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சலாகை வரைபைக் காட்டுவார்கள். "இந்த போர்ட்டில் கேம் 124 பிரேம் ஓடுது, அதில் 119தான்" என்பார்கள்.

இக்கட்டுரை அந்த வரைபைப் பற்றியது. கணினி விளையாட்டு நல்லதா கெட்டதா என்பது வேறொரு விவாதம். இங்கே விளையாட்டை நான் ஓர் அளவுகருவியாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கியைக் கையில் எடுத்தவுடன் அதன் இழிவெண்ணிக்கை என்ன, பூச்சிய வழு உண்டா என்று பார்க்கப் பழகியிருக்கிறோம் அல்லவா? அதே கேள்விகளை இந்தக் கருவியிடமும் கேட்டுப் பார்ப்போம்.

தாய்ப்பலகை செய்யும் வேலை

கலியாண வீட்டுச் சஹன் சோற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சோற்றின் சுவை சமையற்காரரின் கையிலும் அரிசி இறைச்சியின் தரத்திலும் இருக்கிறது. சமையலறைக்குச் சுவை இல்லை. ஆனால் அந்தச் சமையலறையில் அடுப்புக்கு வாயு போதாமல் இருந்தாலோ, வாசல் ஒடுங்கி ஒரு நேரத்தில் ஒரு சஹன் மட்டுமே வெளியே போக முடிந்தாலோ, எவ்வளவு கெட்டிக்காரச் சமையற்காரரும் தடுமாறுவார்.

தாய்ப்பலகை அந்தச் சமையலறை. கணிப்பு வேலையைப் புரொசசர் செய்கிறது. படத்தை வரைவது கிராபிக்ஸ் அட்டை. தாய்ப்பலகை இவற்றுக்கு மூன்று வசதிகளைச் செய்து கொடுக்கிறது. மின் வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ற்றைப் புரொசசருக்கு ஏற்றவாறு ஏறத்தாழ ஒரு வோல்ற்றளவுக்குக் குறைத்துச் சீராக வழங்குகிறது. நினைவகத்தையும் கிராபிக்ஸ் அட்டையையும் புரொசசருடன் இணைக்கும் பாதைகளைத் தருகிறது. பயோஸ் எனும் மென்பொருள் மூலம் எந்தப் பாகம் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு வலுவில் இயங்க வேண்டும் என்ற அமைப்புகளை வைத்திருக்கிறது. ஒரே புரொசசர், ஒரே ரெம், ஒரே கிராபிக்ஸ் அட்டை இருக்கும்போது இரண்டு தாய்ப்பலகைகளுக்கு இடையில் வேறுபாடு வந்தால், அது இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

விளையாட்டு எப்படி அளவுகோலானது?

விளையாட்டு இயங்கும்போது கணினி ஒவ்வொரு செக்கனும் பல நிழற்படங்களை வரைந்து திரையில் காட்டுகிறது. ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம். செக்கனுக்கு 60 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். அந்த நேரத்துக்குள் புரொசசர் கணித்து, நினைவகத்திலிருந்து தரவை எடுத்து, கிராபிக்ஸ் அட்டைக்குக் கொடுத்து, அது வரைந்து முடிக்க வேண்டும். கணினியின் எல்லாப் பாகமும் ஒன்றாக வேலை செய்யும் சந்தர்ப்பம் இது என்பதால்தான் விளையாட்டைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள்.

1999 டிசம்பரில் வெளியான குவேக் 3 அரீனா இதற்குப் பேர்போனது. பதிவுசெய்து வைத்த ஓர் ஆட்டத்தை மீண்டும் ஓடவிட்டு, எல்லாச் சட்டகங்களையும் முடிந்தவரை வேகமாக வரையச் செய்து, சராசரியைச் சொல்லும் வசதி அதில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதே காட்சி, அதே வேலை. இன்றைய விளையாட்டுகள் பலவற்றிலும் இப்படியொரு பரிசோதனை உள்ளேயே இருக்கிறது. 2021 இல் வந்த ஃபோர்ஸா ஹொரைசன் 5 எனும் காரோட்டப் பந்தயத்திலும் உண்டு.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. புரொசசரையும் தாய்ப்பலகையையும் சோதிப்பவர்கள் படத்தின் பிரிதிறனைக் குறைத்து வைப்பார்கள். குவேக் காலத்தில் 640 x 480 இல் சோதிப்பது வழக்கம். பிரிதிறன் கூடினால் கிராபிக்ஸ் அட்டை களைத்துவிடும். மற்றப் பாகங்கள் அது முடிக்கும்வரை காத்திருக்கும். அப்போது எந்தத் தாய்ப்பலகையைப் போட்டாலும் விடை ஒன்றாகவே வரும். அதை வைத்து "எல்லாம் சமம்" என்று முடிவெடுப்பது, நிறை கூடிய ஒரு பெட்டியைத் தூக்க முடியாத இருவரைப் பார்த்து இருவருக்கும் ஒரே பலம் என்று சொல்வது போலாகும்.

வேறுபாடு பெரிதாக இருந்த காலம்

ஒரு காலத்தில் தாய்ப்பலகை மாறினால் விளையாட்டின் வேகம் உண்மையிலேயே மாறியது. நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று அப்போது புரொசசருக்குள் இருக்கவில்லை. வடபாலம் எனப்படும் சில்லாகத் தாய்ப்பலகையில் இருந்தது. புரொசசர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் நினைவகத்திலிருந்து ஒரு துண்டுத் தரவு வேண்டுமென்றால் அந்தச் சில்லின் வழியாகவே கேட்க வேண்டும். 2001 இல் வியா நிறுவனம் அத்லோன் புரொசசர்களுக்காக வெளியிட்ட கே.டி.266 சில்லு அதிருப்தியைத் தந்தது. அதே ஆண்டிலேயே நினைவகக் கட்டுப்படுத்தியைத் திருத்தி கே.டி.266ஏ வெளியானதும், அதே புரொசசர் குறிப்பிடத்தக்க அளவு வேகமாக ஓடியது. அக்காலத்துத் தாய்ப்பலகை விமர்சனங்களில் விளையாட்டு வரைபுகள் பக்கம் பக்கமாக வந்ததில் நியாயம் இருந்தது.

2003 செப்டெம்பரில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லோன் 64 நினைவகக் கட்டுப்படுத்தியைப் புரொசசருக்குள்ளேயே கொண்டுவந்தது. 2008 நவம்பரில் இன்டெல்லின் முதலாவது கோர் ஐ7 அதையே செய்தது. 2009 இல் கிராபிக்ஸ் அட்டைக்கான பாதையின் கட்டுப்பாடும் புரொசசருக்குள் புகுந்தது. வேகத்தைத் தீர்மானித்த உறுப்புகள் தாய்ப்பலகையை விட்டுப் போய்விட்டன. பரிசோதனை முறையும் வரைபுகளும் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. அதனால்தான் இன்று பத்துத் தாய்ப்பலகைகளை ஒரே விளையாட்டில் ஒப்பிட்டால் பத்துச் சலாகைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கின்றன.

இன்று வேறுபாடு வரும் மூன்று இடங்கள்

முதலாவது வலு வழங்கல். உயர்தரப் பௌதிகவியலில் படித்த P = VI இங்கே கைகொடுக்கிறது. இன்டெல் கோர் ஐ5 12400 புரொசசரின் அதியுயர் வலு 117 வாற்று. அதே வகைத் தாய்ப்பலகையில் பொருத்தக்கூடிய ஐ9 12900கே 241 வாற்று வரை எடுக்கும். வோல்ற்றளவை அண்ணளவாக 1.2 என எடுத்தால் முதலாவதற்குத் தேவையான ஓட்டம் ஏறத்தாழ 98 அம்பியர், இரண்டாவதற்கு 200 அம்பியர். வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்பதால், ஒரே தடையில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்கைத் தாண்டும். மலிவான பலகையில் வோல்ற்றளவு சீராக்கும் பகுதி சிறியது. சிலவற்றில் அதன்மேல் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டுகூட இருக்காது. அது கொதிக்கத் தொடங்கினால் புரொசசர் தன் மீடிறனைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே "மலிவான பலகை மெதுவானது" என்ற கூற்று முழுமையானதல்ல. 12400 ஐப் பொருத்துபவருக்கு அந்தப் பலகை போதும். 12900கே யைப் பொருத்துபவருக்குப் போதாது. இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான விளையாட்டுகள் புரொசசரின் எல்லாக் கருக்களையும் முழுமையாக வேலை வாங்குவதில்லை. நிழற்படக் கோப்புகளை மாற்றுவது, முப்பரிமாணக் காட்சிகளை ஆக்குவது போன்ற வேலைகளே வலுவை உச்சத்துக்கு இழுக்கும். எனவே விளையாட்டில் மட்டும் சோதித்துப் பார்த்தால் பலவீனமான பலகையும் சித்தியடைந்துவிடும்.

இரண்டாவது நினைவகம். டீ.டீ.ஆர்.4 3200 வகை ரெம் ஒரு பாதையில் செக்கனுக்கு 25.6 ஜிகாபைற்று வரை தரவைக் கடத்த வல்லது. இரண்டு ரெம்களைச் சரியான துளைகளில் பொருத்தினால் 51.2. நான்கு துளைகள் உள்ள பலகைகளில் பொதுவாக புரொசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடங்கள். அருகருகே முதல் இரண்டிலும் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே பாதையில் நெருக்கியடிக்கும். மேலும், 3200 என்று பொறிக்கப்பட்ட ரெம்கள் பலவும் பயோஸில் எக்ஸ்.எம்.பி. எனும் அமைப்பை இயக்காவிட்டால் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடும். தனிக் கிராபிக்ஸ் அட்டை வாங்க வசதியில்லாமல் புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸையே பயன்படுத்துவோருக்கு இது மிக முக்கியம். அவர்களின் கிராபிக்ஸுக்கு வேறு நினைவகமில்லை; இந்த ரெம்தான் அதற்கும்.

மூன்றாவது கிராபிக்ஸ் அட்டையின் பாதை. இதற்கு நல்ல உதாரணம் 2022 ஜனவரியில் வெளியான ரேடியன் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. இந்த அட்டைக்கு நான்கு தடங்கள் மட்டுமே உண்டு. சொந்த நினைவகமும் 4 ஜிகாபைற்றுதான். பீ.சி.ஐ.ஈ. 4.0 வசதியுள்ள பீ550 பலகையில் அந்த நான்கு தடங்களும் செக்கனுக்கு ஏறத்தாழ 7.9 ஜிகாபைற்றைக் கடத்தும். 3.0 மட்டுமுள்ள பீ450 பலகையில் அதில் பாதி. அட்டையின் சொந்த நினைவகம் நிரம்பி, கணினியின் ரெம்மிலிருந்து தரவை இழுக்க வேண்டி வரும்போது, சமையலறை வாசல் ஒடுங்கிய கதையாகிவிடும். இந்த ஒப்பீட்டில் தாய்ப்பலகை மாறுவதால் விளையாட்டின் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறுகிறது. பதினாறு தடங்கள் உள்ள அட்டைகளில் இதே மாற்றம் பெரும்பாலும் தெரிவதேயில்லை.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பீ550 பலகையில் ரைசன் 5 5600ஜி புரொசசரைப் பொருத்தினால் கிராபிக்ஸ் பாதை 3.0 ஆகத்தான் இருக்கும். ஏனெனில் அந்தப் புரொசசரே அவ்வளவைத்தான் தரும். பலகையின் பெட்டியில் 4.0 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் பயனில்லை. சேர்க்கையைப் பார்க்க வேண்டும்.

அளவையில் மோசடி

சலாகைகள் ஏறத்தாழச் சமமாக நிற்கும் போட்டியில், ஒரு சட்டகம் கூடினாலும் "முதலிடம்" என்று விளம்பரப்படுத்தலாம். எனவே தயாரிப்பாளர்கள் சிலர் வேறு வழிகளைக் கண்டுபிடித்தார்கள்.

பழைய காலத்தில் புரொசசரின் மீடிறன், அடிப்படை மீடிறனை ஓர் எண்ணால் பெருக்கி வந்தது. அடிப்படை 133.3 மெகாஹேர்ட்ஸ் ஆக இருக்க வேண்டிய இடத்தில் பலகை அதைச் சற்றுக் கூட்டி வைத்தால், புரொசசரும் நினைவகமும் சேர்ந்து சற்று வேகமாக ஓடும். விமர்சனத்தை வாசிப்பவருக்கோ பலகை கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.

2012 இல் ஐ7 3770கே புரொசசர் வந்தபோது இன்டெல்லின் விதிப்படி அது ஒரு கருவில் 3.9 ஜிகாஹேர்ட்ஸ், நான்கு கருக்களும் வேலை செய்யும்போது 3.7 ஜிகாஹேர்ட்ஸ். சில தாய்ப்பலகைகள் யாரும் கேளாமலே நான்கையும் 3.9 இல் ஓடவிட்டன. வித்தியாசம் ஏறத்தாழ 5 சதவீதம். வரைபில் அது தாய்ப்பலகையின் திறமையாகத் தெரிந்தது. உண்மையில் அது ஓர் அமைப்பு. மற்றப் பலகையிலும் அதை மாற்றிக்கொள்ளலாம்.

2020 ஜூனில் எச்.டபிள்யூ.இன்ஃபோ எனும் கண்காணிப்பு மென்பொருளை ஆக்கியவர் இதைவிட நுட்பமான ஒன்றை வெளிப்படுத்தினார். ரைசன் புரொசசர் தான் எடுக்கும் ஓட்டத்தைத் தாய்ப்பலகை சொல்லும் அளவீட்டிலிருந்தே அறிந்துகொள்கிறது. சில பலகைகள் அந்த அளவைக் குறைத்துச் சொல்லின. தான் குறைவாகவே எடுக்கிறேன் என்று நம்பிய புரொசசர் எல்லையைத் தாண்டி வேகத்தைக் கூட்டியது. இதை வாசித்தபோது எனக்குத் தராசில் கைவைக்கும் வியாபாரியே நினைவுக்கு வந்தார். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரின் பெயராலேயே அல்குர்ஆனில் ஒரு ஸூரா உண்டு. அல்முதஃப்பிஃபீன், 83 ஆவது அத்தியாயம். அம்பியரை அளப்பதும் அளவைதான்.

இவையெல்லாம் வெறும் எண் விளையாட்டு என்று விட்டுவிட முடியாது. இன்டெல்லின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை உயர்ரகப் புரொசசர்களைப் பயன்படுத்தியோர் பலரின் விளையாட்டுகள் இடைநடுவில் நின்றுபோயின. 2024 இல் இது பெரும் பிரச்சினையாக வெடித்தது. அளவுக்கு மீறிய வோல்ற்றளவால் புரொசசரின் உள்ளே ஒரு சுற்று நாளடைவில் பழுதடைகிறது என்று இன்டெல் அறிவித்தது. அதற்குக் காரணமாகச் சொன்ன நான்கு சூழ்நிலைகளில் ஒன்று, தாய்ப்பலகைகள் தன் வலு வழிகாட்டலை மீறி வைத்திருந்த அமைப்புகள். ஐ9 13900கே புரொசசருக்கு இன்டெல் குறித்த அதியுயர் வலு 253 வாற்று. பல பலகைகளின் பயோஸில் அந்த எல்லை 4096 வாற்று என்று, அதாவது எல்லையே இல்லாதது போல, வைக்கப்பட்டிருந்தது. மற்ற மூன்றும் இன்டெல்லின் சொந்த நுண்நிரலையும் பயோஸ் நிரலையும் சார்ந்தவை என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். நுண்நிரலைத் திருத்தி, உத்தரவாதக் காலத்தையும் அந்நிறுவனம் இரண்டு வருடங்களால் நீடித்தது. ஆனால் பழுதான புரொசசரைத் திருத்தம் குணமாக்காது. வரைபில் ஓரிரு சட்டகங்கள் கூடுவதற்காகக் கொடுக்கப்பட்ட விலையில் இதுவும் அடங்கும்.

வரைபை வாசிக்கும் முறை

இனி ஒரு வரைபைக் கண்டால் என்ன செய்வது? கற்பனையாக ஓர் உதாரணம் எடுப்போம். பலகை அ வில் ஒரே பரிசோதனையை மூன்று தரம் ஓடவிட 118, 121, 119 சட்டகங்கள் வருகின்றன. பலகை ஆ வில் ஒரு தரம் ஓடவிட 120 வருகிறது. ஆ வேகமானதா? பலகை அ தனக்குள்ளேயே 3 சட்டகம் ஏறி இறங்குகிறது. அதன் சராசரியோ 119.3. வாசிப்பின் வழுவை விடச் சிறிய வித்தியாசத்தை வித்தியாசம் என்று எழுதினால் ஆய்வுகூடத்தில் டீச்சர் சிவப்புக் கோடு போடுவார். இங்கும் அதே சட்டம்தான்.

அடுத்து அச்சைப் பாருங்கள். 118 ஐயும் 120 ஐயும் பூச்சியத்திலிருந்து வரைந்தால் சலாகைகள் ஒரே உயரம். 115 இலிருந்து வரைந்தால் ஒன்று 3 அலகு, மற்றது 5 அலகு. பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல். எண் பொய்யில்லை, படம்தான் மயக்குகிறது.

சராசரியோடு நின்றுவிடவும் கூடாது. மிக மெதுவான ஒரு சதவீதச் சட்டகங்களின் வேகத்தை "ஒரு சதவீதத் தாழ்வு" என்று தனியாகக் காட்டுவார்கள். சராசரி சமமாக இருக்கையில் இந்த எண் மட்டும் தாழ்ந்திருந்தால் படம் விட்டு விட்டுத் தடுமாறுகிறது என்று பொருள். மேலே சொன்ன ஒடுங்கிய பாதைக் கோளாறுகள் பெரும்பாலும் இங்கேதான் முகம் காட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி, தாய்ப்பலகை என்ற சாரா மாறி மட்டுமா மாற்றப்பட்டது என்பது. ரெம்மின் வேகம், வலு எல்லை, பயோஸ் அமைப்பு, அறையின் வெப்பநிலை எல்லாம் மாறாமல் வைக்கப்பட்டனவா? இல்லையென்றால் அந்த வரைபு அளந்தது தாய்ப்பலகையை அல்ல.

வாங்கப் போகும் சகோதரிகளுக்கு

2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர் நம் வீடுகளில் ஒரு கணினி என்பது பல மாதச் சேமிப்பு. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் எனக்கொன்று வாங்கித் தருவதாக வாப்பா சொல்லியிருப்பதால் நானும் நானாவும் விலைகளைக் குறித்து வருகிறோம். ஒரு கடையில் விலை கூடிய பலகைக்காக மேற்சொன்னது போன்ற வரைபொன்றைத் தொலைபேசியில் காட்டினார்கள். வித்தியாசம் 3 சட்டகம். அந்தப் பணத்துக்கு இரண்டாவது ரெம் வாங்கலாம் என்று நானாவிடம் சொன்னேன். "உனக்கேன் கேம் கணக்கு?" என்று சிரித்தவர், வெளியே வந்ததும் என்னிடமே விளக்கம் கேட்டார். இது ஆண்பிள்ளைகளின் விடயம் என்று நாம் ஒதுங்கினால், நம் பணத்தை வேறொருவரின் வரைபு செலவழித்துவிடும்.

எனவே கடையில் நான்கு கேள்விகள் கேளுங்கள். எனது புரொசசரின் அதியுயர் வலுவை இந்தப் பலகை தாங்குமா? ரெம்முக்கு எத்தனை துளைகள், எந்த வேகம் வரை? என் கிராபிக்ஸ் அட்டைக்கு எத்தனை தடங்கள், எந்தத் தலைமுறை? பின்னர் புரொசசரை மாற்ற விரும்பினால் இந்தப் பலகை இடம் கொடுக்குமா? இந்நான்குக்கும் திருப்தியான விடை தரும் மிக மலிவான பலகையே உங்களுக்கு ஏற்றது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் கூடுதல் யூ.எஸ்.பி. துளைக்கோ, வைஃபைக்கோ, வண்ண விளக்குக்கோ போகலாம். அவை தேவையென்றால் தாராளமாக வாங்கலாம். வேகத்துக்காக என்று மட்டும் யாரும் சொன்னால், முதலில் அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.